ஒட்டாவாவில் ஆள் மாறினால்

1

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல் வந்தது. மேலே பிரெஞ்சு, கீழே ஆங்கிலம். எங்கள் திணைக்களத்தின் தகவல் தொழில்நுட்பத் தலைமை அதிகாரி வேறொரு திணைக்களத்துக்குப் போகிறார், அவருடைய இடத்துக்கு இன்னொருவர் வருகிறார் என்று இருந்தது. போகிறவரும் கெட்டிக்காரர், வருகிறவரும் கெட்டிக்காரர்.

மொன்றியலில் இந்த அலுவலகத்துக்கு வந்து எனக்கு ஒன்பது வருடமாகிறது. வருகிறவர் ஐந்தாவது ஆள். முந்தைய நால்வரில் ஒருவரையும் நான் நேரில் கண்டதில்லை. அவர்கள் தலைநகர் ஒட்டாவாவில் இருப்பவர்கள். ஆனால் அங்கே ஆள் மாறினால் இங்கே பதினோராவது மாடியில் எங்களில் சிலருக்கு அடுத்த மாதம் வேலை இருக்குமா என்பது மாறும்.

ஊரில் இருந்து எழுதுகிறவர்கள், "சுகந்திக்குக் கனடா அரசாங்க உத்தியோகம்" என்று எழுதுகிறார்கள். நான் திருத்துவதில்லை. உண்மையில் நான் அரசாங்க ஊழியர் அல்ல. நடுவில் ஒரு நிறுவனம் இருக்கிறது. அரசாங்கம் அந்த நிறுவனத்திடம் ஆள் கேட்கும், நிறுவனம் என்னை அனுப்பும். என் ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம், சில சமயம் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கப்படும். நிரந்தர ஊழியர்களின் அடையாள அட்டை கழுத்தில் நீலப் பட்டியில் தொங்கும், எங்களுடையது சிவப்பில். டிசம்பரில் நத்தார் விருந்துக்கு எங்களையும் கூப்பிடுவார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை வேலை நேரமாகப் பதியக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

திருகோணமலைக் கச்சேரியிலும், அதுதான் மாவட்ட அரசாங்க அலுவலகத்திலும், நான் இப்படித்தான் இருந்தேன். அகதி முகாம்களில் இருந்தவர்களின் நிவாரணப் பட்டியல்களை எழுதும் தற்காலிக எழுதுவினைஞர். மாவட்டத்துக்குப் பொறுப்பான அரசாங்க அதிபராகப் புதிதாக ஒருவர் வந்தபோது, அவர் ஒப்பமிடும்வரை தற்காலிகக்காரர்களின் வரவுப் புத்தகத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள். மூன்று கிழமை நாங்கள் வேலைக்குப் போனோம், பட்டியல் எழுதினோம், வீட்டுக்கு வந்தோம். புத்தகத்தின்படி நாங்கள் அங்கே இருக்கவில்லை. அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது. இரவெல்லாம் அழுதேன். இப்போது அப்படியொன்றும் வருவதில்லை. செவ்வாய்க்கிழமை மின்னஞ்சலை வாசித்து முடித்துத் தேநீர் போடப் போனேன்.

2

என்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்தவர் சுந்தரம் சேர். தமிழ்நாட்டுக்காரர், கும்பகோணம் பக்கம். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். ஆனாலும் நான் சேர் என்றே கூப்பிடுவேன். அவர் என்னை மேடம் என்பார்.

நான் லாசாலில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி மடித்துக்கொண்டிருந்த காலம் அது. டொலார்ட் முருகன் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் அவருக்கு முன்னால் நின்றேன். யாரோ இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்ததும் கணினியெல்லாம் குழம்பப் போகிறதாம் என்று பேச்செடுத்தார்கள். "பழைய கோபோல் புரோகிராமில் வருசத்துக்கு இரண்டு இலக்கம்தானே வைச்சவை, அதுதான்" என்று நான் சொன்னேன். பின்னால் நின்றவர் தட்டோடு என் பக்கம் வந்தார்.

"உங்களுக்குக் கோபோல் தெரியுமா?"

"கொழும்பிலை படிச்சனான். மறந்து போச்சு."

"அது மறக்காதுங்க. நாளைக்கு உங்க விவரத்தை எழுதி எனக்கு அனுப்புங்க. எங்க ஆபீஸ்ல ஆளே கிடைக்கல."

அப்படித்தான் வந்தேன். முதியவர்களுக்கு மாதாமாதம் போகும் ஒரு கொடுப்பனவைக் கவனிக்கும் பழைய பெரிய கணினி அது. அதன் நிரல்களை எழுதியவர்களில் பாதிப்பேர் ஓய்வுபெற்றுவிட்டார்கள். நானும் சுந்தரம் சேரும் இன்னும் மூன்று ஒப்பந்தக்காரர்களும் அதைப் பார்த்துக்கொண்டோம். யாருக்கு எப்போது கொடுப்பனவு தொடங்குவது என்ற பகுதி என்னுடையது. ஒருவர் இறந்துவிட்டால் எப்படி நிறுத்துவது என்ற பகுதி சுந்தரம் சேருடையது. அந்தப் பகுதி அவ்வளவு சிக்கலானது, அதை வேறு யாரும் தொடுவதில்லை.

முதலாவது தலைமை அதிகாரி பழைய கணினியைத் தூக்கிவிட்டுப் புதியது கொண்டுவரப் போவதாகச் சொன்னார். இரண்டாமவர் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டுப் பழையதையே திருத்தச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் எங்களில் ஓரிருவர் போனார்கள், வேறு ஓரிருவர் வந்தார்கள். நாங்கள் இருவரும் தப்பிக்கொண்டு வந்தோம்.

3

மூன்றாவதாக வந்தவர் ஒரு பெண்மணி. கூட்ட மண்டபத்தில் பெரிய திரையில் எங்களோடு பேசினார். ஒப்பந்தக்காரர்களை நம்பி அரசாங்கம் நடக்கக்கூடாது, உங்கள் தலைக்குள் இருக்கும் அறிவு திணைக்களத்தின் சொத்து, அதையெல்லாம் எழுதிக் கொடுங்கள் என்றார். நிரந்தர ஊழியர்கள் கைதட்டினார்கள். நாங்களும் தட்டினோம்.

அடுத்த நாள் ஆளுக்கொரு தடித்த கோப்பு தந்தார்கள். நாங்கள் எழுதினோம். ஆனால் எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு எங்களுக்கு என்ன வேலை என்பது எல்லோருக்கும் தெரியும். சுந்தரம் சேர் இறப்புப் பகுதியை இரண்டே பக்கத்தில் முடித்துவிட்டார். என் பகுதியை நான் நான்கு பக்கத்தில் முடித்தேன். இருவரும் மற்றவரின் கோப்பைப் பார்த்தோம். மூடித் திருப்பிக் கொடுத்தோம்.

மார்ச் மாதம் எங்கள் மேலாளர் மார்செல் என்னைச் சின்ன அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். நல்ல மனிதன், கியூபெக்காரன். ஆங்கிலத்தில்தான் என்னோடு பேசுவான்.

"ஐந்து பேரில் இரண்டு பேரைத்தான் வைத்திருக்கலாம் என்று மேலிடம் சொல்கிறது. ஒரு இடத்துக்கு ஆள் முடிவாகிவிட்டது. மற்ற இடத்துக்கு நீ அல்லது சுந்தரம். ஒன்று கேட்கிறேன், நேராகச் சொல். சுந்தரம் இல்லாவிட்டால் அவருடைய பகுதியை உன்னால் பார்க்க முடியுமா?"

எனக்கு அந்தப் பகுதி தெரியாது. மேலோட்டமாகத் தெரியும்.

"முடியும். எனக்கு எல்லாம் தெரியும்" என்றேன்.

யோசித்துச் சொன்னேனா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். யோசிக்கவில்லை. பெட்டி மடித்த கை ஞாபகம் வந்தது என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் அதுவும் வரவில்லை. வாய் சொன்னது, அவ்வளவுதான்.

அந்தக் கிழமை வெள்ளிக்கிழமை பின்னேரம் மார்செலிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அவசரத்தில் பிரெஞ்சில் மட்டும் எழுதியிருந்தான். என் பிரெஞ்சு மெற்றோவுக்கும் கடைக்கும் போதுமானது. சுந்தரம் சேருடைய பெயரையும் இன்னும் இருவருடைய பெயரையும் போட்டு 'ரெமெர்சியே' என்று இருந்தது. மெர்சி என்றால் நன்றி, இந்த ஊருக்கு வந்த முதல் நாளே எல்லோரும் படிக்கும் சொல். கோப்பு எழுதியதற்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். என் பெயர் அதில் இல்லாதது கொஞ்சம் குத்தியது. எழுந்து அவருடைய மேசைக்குப் போனேன்.

"சேர், உங்களுக்குப் பேர் போட்டு நன்றி எழுதியிருக்கினம். பாத்தனீங்களோ? சந்தோசம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். சாப்பாட்டுப் பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"பார்த்தேன் மேடம். தேங்க்ஸ் சொல்லிட்டாங்க" என்றார். "சரி, நான் கிளம்பறேன். வீட்ல எல்லாரையும் கேட்டதா சொல்லுங்க."

வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது இதைச் சொன்னேன். என் மகள் ஆரணிக்கு அப்போது பதினைந்து வயது. நாங்கள் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்லும் காலம் தொடங்கியிருந்தது. அன்றைக்குத் தமிழில் சொன்னாள்.

"அம்மா, அது தாங்க்ஸ் இல்லை. ஒரு ஆளை வேலையால நிப்பாட்டினா இங்க அப்பிடித்தான் சொல்றது. அவரை விட்டுட்டாங்கள்."

என் கணவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "சுந்தரத்தையோ? அந்த மனுசன்தானே உமக்கு வேலை எடுத்துத் தந்தவர்."

"ஓம்" என்றேன்.

"அந்த அங்கிளுக்கு இப்பவே கோல் பண்ணுங்கோ" என்றாள் ஆரணி. "நீங்க போய்ச் சந்தோசம் எண்டு சொல்லியிருக்கிறீங்கள். பாவம்."

"பேந்து கதைக்கிறன்" என்றேன். அவள் கதிரையைத் தள்ளிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். நான் கோல் எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. ஒரு கிழமைக்குப் பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகு தன்னுடைய விஷயங்களையும் என்னிடம் குறைவாகவே சொன்னாள். இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

4

அந்தப் பெண்மணி நிரல்களில் தேவையில்லாத பழைய வரிகளையெல்லாம் நீக்கிச் சுத்தம் செய்யச் சொன்னார். ஜூன் மாதம் நான் இறப்புப் பகுதியைத் திறந்தேன். அதில் ஓர் இடத்தில் 'சந்தேகம்' என்ற பொருளில் ஒரு குறி இருந்தது. அது எங்கே போகிறது, எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. சுந்தரம் சேருடைய இரண்டு பக்கத்தில் அதைப்பற்றி ஒன்றுமில்லை. ஒருவரும் பாவிக்காத பழைய குறி என்று முடிவுசெய்து நீக்கினேன். சோதனைகள் எல்லாம் சரியாக வந்தன.

ஆகஸ்டில் கடிதங்கள் வரத் தொடங்கின. வழக்கமாக அப்படிப்பட்ட கடிதங்கள் எங்கள் மாடிக்கு வராது. மார்செல் ஒரு கட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். மேலே இருந்தது ஒரு கிழவி கையால் எழுதியது. நடுங்கும் எழுத்து. நான் சாகவில்லை என்று எழுதியிருந்தாள். செத்தது என் தங்கை, நான் உயிரோடுதான் இருக்கிறேன், தங்கையின் மரணச் சடங்கு முடிந்த கையோடு என் கொடுப்பனவை நிறுத்தி, நான் இறந்ததற்கும் என் வீட்டுக்கு அனுதாபக் கடிதம் அனுப்பியிருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தாள். இந்த அளவு பிரெஞ்சு எனக்கு விளங்கியது.

அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தபோது கச்சேரி ஞாபகம் வந்தது. முகாமில் யாராவது இறந்துவிட்டால் நிவாரணப் பட்டியலில் அவர்களுடைய பெயரைச் சிவப்பு மையால் வெட்டுவது என் வேலை. ஒருமுறை ஒரே பெயரில் இருந்த இருவரில் ஆளை மாற்றி வெட்டிவிட்டேன். அந்த மனிதர் கிராமசேவகரின் கடிதத்தோடு வந்தார். 'மேற்படி நபர் உயிருடன் இருப்பதை உறுதிப்படுத்துகிறேன்.' அதைத் தந்துவிட்டு, மேசைக்கு முன்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கிழமை அரிசி அவருக்குக் கிடைத்திருக்கவில்லை.

வெளியே போய்ச் சுந்தரம் சேருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு.

"சொல்லுங்க மேடம்" என்றார், நேற்றுப் பேசியவர் மாதிரி. பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. ஒரு கோடைகால முகாமுக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டுகிறாராம். செப்டம்பரில் பள்ளிக்கூடப் பஸ் தருவார்களாம். "பிள்ளைங்களை இறக்கி விட்டுட்டு நானே கூப்பிடறேன். அஞ்சு நிமிஷம்."

சொன்னபடி கூப்பிட்டார். வெறும் பஸ்ஸில் இருந்து பேசினார். குரல் எதிரொலித்தது. நான் நடந்ததைச் சொன்னேன்.

"ஐயோ, சந்தேகக் குறியை எடுத்துட்டீங்களா? ஒருத்தர் இறந்துட்டாருன்னு ஒரே ஒரு இடத்திலிருந்து மட்டும் செய்தி வந்தா, அந்தக் குறியைப் போட்டு ரெண்டு மாசம் காத்திருக்கணும். ரெண்டாவது இடத்திலிருந்தும் வந்தாத்தான் நிறுத்தணும். அது இல்லைன்னா ஒரே மாதிரிப் பேர் உள்ளவங்க, அக்கா தங்கச்சி, ஒரே விலாசம், எல்லாம் மாட்டிக்கும். எழுதிக்கோங்க."

எந்த வரிக்குக் கீழே எதைப் போடவேண்டும் என்று மனப்பாடமாகச் சொன்னார். நான் நடைபாதையில் குந்தியிருந்து எழுதினேன். முடிந்ததும் நான் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர், "அடுத்த டிரிப்புக்கு நேரமாச்சு மேடம்" என்றார்.

குறியைத் திருப்பிப் போட்டேன். பிறகு மார்செலிடம் போனேன்.

"அந்தப் பகுதி எனக்குத் தெரியாது" என்றேன். "சுந்தரத்துக்கு மட்டும்தான் தெரியும்."

"நீ எல்லாம் தெரியும் என்றாயே?"

"சொன்னேன்."

அவன் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் யன்னல் பக்கம் திரும்பி, "சரி, சுத்தம் செய்யச் சொன்னது ஒட்டாவா" என்று மட்டும் சொன்னான். அது எனக்காகச் சொன்னதா, தனக்காகச் சொன்னதா என்று தெரியவில்லை.

5

இலையுதிர் காலத்தில் அந்தப் பெண்மணி வேறு திணைக்களத்துக்குப் போனார். நான்காமவர் வந்தார். பழைய கணினி இன்னும் பல வருடம் இருக்கும், அனுபவமுள்ள ஒப்பந்தக்காரர்களைத் திருப்பிக் கூப்பிடுங்கள் என்றார். நாங்கள் எழுதிய கோப்புகளை ஒருவரும் கேட்கவில்லை. அவை இன்றும் அலுமாரியில் இருக்கின்றன.

சுந்தரம் சேரைத் திருப்பி எடுக்க மார்செல் எழுதினான். ஆனால் வேலை நின்றபோது அவருடைய பாதுகாப்பு அனுமதியும் முடிந்துவிட்டது. அதே கணினியில் பத்து வருடம் வேலை செய்தவர், முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். பத்து வருட விலாசம், இடைவெளி இல்லாமல். கும்பகோணத்தில் தாய்க்குச் சுகமில்லை என்று போய் இருந்த ஆறு கிழமைக்கும் விலாசம் கேட்டார்கள். குடும்பப் பெயர் என்ன என்று மூன்று முறை கேட்டார்கள். தகப்பன் பெயரை எழுதினார், பிறகு ஏன் உன் தகப்பனுக்கு வேறு குடும்பப் பெயர் இருக்கிறது என்று கேட்டார்கள்.

அவரை அறிந்தவர் என்ற இடத்தில் என் பெயரைக் கொடுத்திருந்தார். ஓய்வுபெற்ற பொலிஸ்காரர் மாதிரி ஒருவர் என்னை விசாரிக்க வந்தார். நெடிய மனிதர், மெதுவாக எழுதினார்.

"எத்தனை வருடமாகத் தெரியும்?"

"ஏழு வருடம்."

"நம்பத் தகுந்தவரா?"

"ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

"வேலையில் மற்றவர்களுக்குத் தீங்கு வரும்படி ஏதாவது செய்திருக்கிறாரா? பொய் சொல்லியிருக்கிறாரா?"

"இல்லை."

"அவரைப்பற்றி எங்களுக்குத் தெரியவேண்டியது வேறு ஏதாவது உண்டா?"

"இல்லை."

அவர் கையொப்பம் வாங்கிக்கொண்டு போனார். என்னைப்பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. இருக்கவேண்டிய இடம் மரத்துப்போயிருந்தது, பல்வைத்தியரிடம் போய் வந்த கன்னம் மாதிரி.

பனிக்காலம் முடியும்போது அவர் சிவப்புப் பட்டியோடு திரும்பி வந்தார். பழைய மேசை கிடைக்கவில்லை. பிரதி எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். நாங்கள் பழையபடி பேசினோம். வேலை, பனி, கோயில், பிள்ளைகளின் படிப்பு. அந்த வெள்ளிக்கிழமையைப்பற்றி மட்டும் பேசவில்லை. இறப்புப் பகுதியை மறுபடியும் அவரே எடுத்துக்கொண்டார். அது எப்படி இயங்குகிறது என்று நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

6

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பாட்டு அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். புதிய ஆள் எப்படியிருப்பாரோ என்று அவர்தான் தொடங்கினார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு, நிமிராமல் சொன்னேன்.

"சேர், அண்டைக்கு மார்செல் என்னைக் கூப்பிட்டுக் கேட்டவர். நீங்கள் இல்லாட்டி உங்கட பகுதியைப் பாக்கேலுமோ எண்டு. ஏலும் எண்டு சொன்னனான். எனக்குத் தெரியாது. பொய்தான் சொன்னனான்."

அவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"என்னையும் கேட்டாரு மேடம்."

"என்ன?"

"அதே கேள்விதான். நீங்க இல்லாம உங்க பகுதியை நான் சமாளிச்சுக்குவேனான்னு. தாராளமா, அதுல என்ன இருக்குன்னேன்." தயிர்ப் பெட்டியைத் திறந்தார். "உங்க பகுதி எனக்கு ஒரு எழுத்து தெரியாது. அன்னிக்கு நீங்க வந்து சந்தோசம்னீங்களே, என்னைக் குத்திக் காட்டறீங்கன்னுதான் முதல்ல நெனச்சேன். நான் சொன்னது உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு போலிருக்குன்னு."

"அப்ப ஏன் என்னை வைச்சு உங்களை நிப்பாட்டினவை?"

"என் ஒப்பந்தம் மார்ச்சோட முடியறதா இருந்துச்சு. உங்களுது செப்டம்பர். நடுவுல நிறுத்தறதுன்னா எழுத்து வேலை ஜாஸ்தி. மார்செல் அப்புறமா சொன்னாரு. நம்ம ரெண்டு பேர் சொன்னதையும் ஒட்டாவாவுக்கு அவர் அனுப்பவே இல்லை."

கோபம் வரும், அல்லது பெரிய நிம்மதி வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் வரவில்லை. அவருடைய முகத்திலும் ஒன்றையும் காணவில்லை. இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்துப் பெட்டிகளைக் கழுவினோம்.

மூன்று மணியளவில் அவர் ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். கையில் இறப்புப் பகுதியின் பிரதி, முழுவதும் அச்செடுத்தது.

"புது ஆள் வந்து என்ன பண்ணுவாரோ தெரியாது. இதை முதல் வரியிலிருந்து பார்த்துடலாமா? பேப்பர் எடுத்துக்கோங்க."

"சேர், இது எனக்கும் தெரிஞ்சால் பேந்து உங்களை…"

"தெரியும் மேடம். எழுதுங்க."

அன்றும் புதன்கிழமையும் சொல்லிக் கொடுத்தார். சந்தேகக் குறி வரும் இடத்தில் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். இப்போது அந்தப் பகுதி என்னால் முடியும், உண்மையாகவே.

வியாழக்கிழமை காலை என் பகுதியை அச்செடுத்துக்கொண்டு, பிரதி எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவருடைய மேசைக்குப் போனேன். என்னுடையது கொஞ்சம் நீளம். பாதிதான் முடிந்திருக்கிறது. மிச்சத்தைத் திங்கட்கிழமை சொல்லிக் கொடுக்க வேண்டும்.